பீனிசமும் பத்தியமும்

ஆசிரியத் தொழிலிற் புகுந்த காலந்தொட்டு எம்மை விட்டுப் பிரியாத தோழர் ஒருவர் உளர். அவர் பெயர் பீனிசம். காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல்; முற்பகல் முழுவதும் ஓயாத மூக்குநீர்; பிற்பகலில் மூக்கடைப்பு; இரவில் வாயால் மூச்சு. கரும்பலகையில் எழுதிய குற்றியலுகர விதியைத் துடைத்துவிட்டு வகுப்பை நோக்கித் திரும்புமுன் தும்மல் தொடங்கிவிடும். எமது தும்மல் ஒற்றைப்படையில் முடியுமோ இரட்டைப்படையில் முடியுமோ எனப் பின்வாங்கு மாணவர் பந்தயம் பிடித்தனர் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். குற்றியலுகரத்தை மறந்தவரும் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

இந்நோயை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. தும்மலால் இறந்தவர் உண்டோ என்பர். ஆனால் இரவு நித்திரையைக் கெடுத்து, பகற் கவனத்தைச் சிதைத்து, ஆண்டுக்கணக்கில் ஒருவரை அரைமனிதராக்கி வைக்கும் நோய் இது. 'பிரிட்டோன்' என நம்மவர் அறிந்த குளிசையை விழுங்கினால் தும்மல் அடங்கும். கூடவே கண்ணும் செருகும். பரீட்சை எழுத வந்த பிள்ளை அக்குளிசையின் மயக்கத்தில் விடைத்தாளின்மேற் சாய்ந்து உறங்கியதை யாம் கண்டிருக்கின்றோம். அன்று அப்பிள்ளை இழந்தது சிறிதன்று.

எமது ஆச்சிக்கு இந்நோய்க்குரிய கைவைத்தியம் தெரியும். நொச்சியிலையை அவித்துப் போர்வைக்குள் வேது பிடிப்பித்தல்; மஞ்சட் கிழங்கைச் சுட்டு அதன் புகையை முகரச் செய்தல்; கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தல். இவற்றால் அன்றைய அடைப்பு நீங்கும். மறுநாள் தோழர் திரும்பி வந்துவிடுவார். பல்கலைக்கழகம் சென்று திரும்பிய பின்னர் இவற்றைப் பாட்டி வைத்தியம் என்று இகழவும் பழகினோம். பிறகு, எல்லாம் நமது பழமையிலே உண்டு எனப் பெருமை பேசும் கூட்டமொன்றில் அதே வைத்தியத்தைப் புகழ்ந்தும் பேசினோம். இகழ்ந்தபோதும் புகழ்ந்தபோதும் அதனைச் சற்றேனும் ஆராய்ந்தோமில்லை. இதனை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

2022ஆம் ஆண்டை நம் வாசகர் மறந்திரார். எரிபொருள் வரிசையிலே மனிதர் இரவைக் கழித்த ஆண்டு அது. சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. அரசாங்க மருத்துவமனைகளிலே பல மருந்துகள் தட்டுப்பட்டன. தனியார் மருந்துக்கடைகளில் விலை ஏறிக்கொண்டே போயிற்று. யாம் உபயோகித்துவந்த மூக்குத் தெளிமருந்தும் எமது சம்பளத்துக்கு எட்டாத பொருளாயிற்று. ஆனி மாதக் கடைசியில், அயற்கிராமத்துப் பரிகாரியார் ஒருவரிடம் துவிச்சக்கர வண்டியிற் போய்ச் சேர்ந்தோம்.

அவர் நாடி பார்த்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பம். அரைமணி நேரம் எம்மைக் கேள்வி கேட்டார். எப்போது தும்மல் கூடுகிறது? எந்தப் பக்கம் அடைக்கிறது? படுக்கை எங்கே? தலையணை எத்தகையது? நெஞ்சில் முட்டு உண்டா? வீட்டில் எவருக்கேனும் முட்டு உண்டா? இவ்வளவும் கேட்ட பின்னரே மருந்து சொன்னார். ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்தரி, திப்பிலி முதலியன சேர்ந்த குடிநீர் இருவேளை; மூக்கில் இவ்விரண்டு துளி நசியத் தைலம்; மாலையில் நொச்சி வேது. ஒரு மண்டலம் நாற்பத்தெட்டு நாள். பத்தியமும் சொன்னார். தயிர் கூடாது. இரவில் தலைமுழுக்குக் கூடாது. இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் இட வேண்டும். படுக்கையறையிற் பழைய புத்தகக் கட்டுகள் இருத்தல் ஆகாது. கடைசியாகச் சொன்னது எம்மைச் சுட்டது. எமது படுக்கையைச் சுற்றி இருபது வருடத்துச் சஞ்சிகைகள் குவிந்து கிடந்தன.

மூன்றாம் வாரத்தில் தும்மல் குறைந்தது. ஐந்தாம் வாரத்தில் மூக்கால் மூச்சுவிட்டு உறங்கினோம். எமது மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. காண்போரிடமெல்லாம் பரிகாரியாரின் புகழைப் பாடினோம். ஆடி மாதம் முழுவதும் சோளகக் காற்று வலிகாமத்துச் செம்மண்ணை வாரி இறைத்தபோதும் யாம் தும்மாதிருந்தது பேரதிசயமாய்த் தோன்றியது.

ஒன்றை மட்டும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. எரிபொருள் இன்மையால் அந்த நாட்களிற் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. யூலை 25ஆம் திகதியே மீண்டும் திறக்கப்பட்டன. ஒரு மாதகாலம் யாம் வெண்கட்டித் தூளைச் சுவாசிக்கவில்லை. சஞ்சிகைக் குவியலும் விறாந்தைக்குப் போய்விட்டது. தலையணை நாள்தோறும் வெயிலிற் காய்ந்தது. எம்மைச் சுகப்படுத்தியது குடிநீரா, தைலமா, வெயிலா, விடுமுறையா? இக்கேள்வியை எழுப்பாமலே விடையை ஊரெல்லாம் பரப்பினோம்.

பாடசாலை திறந்த வாரத்தில் எமது பதினோராந்தர மாணவி ஒருத்தியின் தாயார் எம்மைத் தேடி வந்தார். வெங்காயத் தோட்டங்களிற் கூலிவேலை செய்யும் பெண்மணி. மகளுக்கும் தீராத தும்மல், கூடவே முட்டு. கிளினிக்கிலே கொடுத்த இன்ஹேலர்கள் இரண்டு. ஒன்று நீலம், மற்றையது கபில நிறம். அந்த மாதம் கபில நிறத்தது கிடைக்கவில்லை. வெளியே வாங்கப் பணமில்லை.

"சேர், உங்கட மருந்து இவளுக்கும் சரிவருமோ? பம்ப் அடிச்சுப் பழகினால் பிறகு விடேலாதெண்டு சனம் சொல்லுது. பொம்பிளைப் பிள்ளை எல்லோ."

யாம் என்ன செய்திருத்தல் வேண்டும்? பரிகாரியாரிடமோ மருத்துவரிடமோ அவரை அனுப்பியிருத்தல் வேண்டும். செய்யவில்லை. குடிநீர்ச் சரக்குகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். எஞ்சியிருந்த தைலத்தில் அரைப் போத்தலையும் கொடுத்தனுப்பினோம். பம்ப்பை நிறுத்தச் சொல்லவில்லை, அது உண்மை. நிறுத்தவேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதுவும் உண்மை.

பதினாறாம் நாள் இரவு அப்பிள்ளைக்கு இழுப்புக் கண்டது. நீல நிறத்தை அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. அயலில் முச்சக்கர வண்டி இருந்தது, பெற்றோல் இல்லை. மூன்று வீடுகளின் மோட்டார் சைக்கிள்களிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்த எரிபொருளில் அந்த வண்டி மருத்துவமனையை அடைந்தது. பிராணவாயுவும் ஆவிமருந்தும் ஊசியும் கொடுத்து விடியுமுன் உயிரை மீட்டனர். நாம் காலையிற் போய்ச் சேர்ந்தபோது அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். கட்டிலின் ஓரத்தில், எமது கையெழுத்துள்ள தாளை மடித்துக் கையிற் பிடித்தபடி தாயார் இருந்தார். அவர் எம்மை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

கடமையிலிருந்த இளம் மருத்துவர் விளக்கினார். நீல நிற இன்ஹேலர் வந்த இழுப்பைத் தணிப்பது. கபில நிறத்தது இழுப்பு வராமற் காப்பது, அதிலுள்ள ஸ்ரெரொயிட் மருந்து மிகக் குறைந்த அளவினது, நேரே சுவாசக் குழாயின் வீக்கத்தைத் தணிப்பது, அடிமைப்படுத்துவதன்று. அதனை நாள்தோறும் எடுத்தல் வேண்டும். சுகமாயிருக்கும் நாளிலும் எடுத்தல் வேண்டும். நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் திரும்பும். "மூக்கும் நெஞ்சும் ஒரே பாதையின் இரு முனைகள், சேர். தும்மல் உள்ள பிள்ளைக்கு முட்டு உண்டோ எண்டு பாக்கவேணும், முட்டுள்ள பிள்ளைக்கு மூக்கையும் பாக்கவேணும்" என்றார். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயும் அழற்சி உண்டாக்கும் என எச்சரித்தார். இவ்வளவும் அந்தத் தாயாருக்குக் கிளினிக்கில் எவரேனும் சொன்னார்களா? ஒருவேளை சொல்லியிருக்கலாம். நூறுபேர் நிற்கும் வரிசையில் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதைக் கேட்பது?

அன்று மாலை பரிகாரியாரிடம் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"மாஸ்ரர், உங்கட மூக்குக்கு நான் மருந்து தந்தனான். அந்தப் பிள்ளையின்ர நெஞ்சை ஆர் பாத்தது?"

இக்கேள்விக்கு எம்மிடம் விடையிருக்கவில்லை. அவரிடமிருந்து யாம் பெற்றவை இரண்டு: ஒன்று மருந்து, மற்றையது அந்த அரைமணி நேர விசாரணை. மருந்தை மட்டும் எடுத்துப் பிறருக்குக் கொடுத்தோம். விசாரணையை அவருடைய திண்ணையிலே விட்டுவிட்டு வந்தோம். அந்த வாரமே எமது தும்மலும் திரும்பியது. நாற்பத்தெட்டாம் நாள் முடியுமுன்னரே, வெண்கட்டித் தூளோடு, பழைய தோழர் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தார்.

இந்நிகழ்ச்சியின் பின்னர் இவ்விடயத்தைச் சற்று ஊன்றிப் படித்தோம். ஒவ்வாமை என நாம் வழங்குவதற்குரிய மேனாட்டுச் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவரான பொன் பிர்க்கே. உடலின் காவலன், தீங்கற்ற தூசியையும் பகைவனென மயங்கிப் போர் தொடுப்பதே இந்நோய். அப்போரில் வெளிப்படும் ஹிஸ்ரமின் என்னும் பொருளே தும்மலையும் நீரையும் தருவது. நம்போன்ற வெப்ப நாட்டிலே முதன்மையான குற்றவாளி, தலையணையிலும் மெத்தையிலும் பழந்தாட் கட்டிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணி. 1960களில் ஒல்லாந்த நாட்டு ஆய்வாளரே வீட்டுத் தூசியிலுள்ள இச்சிற்றுண்ணியைச் சுட்டிக் காட்டினர். வெண்கட்டித் தூளோ பெரும்பாலும் வெறுமனே உறுத்துவது. முன்னரே புண்பட்ட மூக்கை மேலும் புண்படுத்துவது. தலையணையை வெயிலிற் போடு, புத்தகக் கட்டை அகற்று என்ற பரிகாரியாரின் பத்தியம், சிற்றுண்ணியின் பெயரை அறியாமலே அதன் இருப்பிடத்தை அறிந்திருந்தது. பத்தியத்தை மூடநம்பிக்கை என ஒருசேரத் தள்ளுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

மூலிகைகளுக்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம். 1753இல் லின்னேயசு இச்செடிக்கு இட்ட அறிவியற் பெயரில் இன்றும் ஒலிப்பது நம்மவர் வழங்கிய பெயரே. அதன் இலையிலுள்ள வசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டு செய்யப்பட்டதே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து. கிழக்கு மத்தியதரை நாடுகளின் நாட்டுமருந்தான கெல்லா என்னும் செடியின் விதைப்பொருளிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 1965இல் குரோமோகிளைக்கேற் என்னும் மருந்தைத் தந்தது. ஒவ்வாமைப் பீனிசத்துக்கு மூக்கு மருந்தாக அது வழங்கிவருகின்றது. அதனைக் கண்டவர் சிரியாவிற் பிறந்த றொஜர் அல்ற்றூன்யன். தாமே ஆஸ்துமா நோயாளியாகிய அவர், நோயைத் தம்முடலில் வேண்டுமென்றே தூண்டிப் புதிய புதிய பொருள்களைத் தம்மிலேயே சோதித்தார். அவரும் மூலிகையிலிருந்தே புறப்பட்டார். ஆனால் கேள்வி கேட்டு, அளந்து, தவறியவற்றைத் தள்ளி, எஞ்சியதை எல்லோரும் அறிய வெளியிட்டார். ஆடாதோடை எம்முடைய வேலியிலே நின்றது. கேள்வி வேறிடத்தில் நிகழ்ந்தது.

இலைமருந்து ஆதலால் தீங்கு செய்யாது என்பதும் பொய். ஐரோப்பிய மூலிகையொன்று (பெற்றாசிட்டெசு என்பர்) பீனிசத்துக்கு ஒவ்வாமைக் குளிசைக்கு நிகராகப் பயன்பட்டதென 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. சுத்திகரிக்காத அதே மூலிகை ஈரலுக்கு நஞ்சு. அமெரிக்காவின் பொஸ்டன் நகர்க் கடைகளிலே விற்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆசனிக்கு என்பவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ஐந்தில் ஒன்று! ஆயுர்வேதத்தின்மேற் பகைமையால் யாம் இதனைச் சொல்லவில்லை. மருந்தைக் குடிப்பவர் அதனுள் இருப்பதை அறியும் உரிமை உடையவர் என்பதற்காகவே சொல்கின்றோம்.

இவ்விடத்தில் நம்முடைய மரபின் இரு முகங்களையும் காணலாம். யாழ்ப்பாண அரசர் காலத்ததெனப்படும் பரராசசேகரம் என்னும் மருத்துவநூல், ஏட்டிலிருந்து அச்சேறியமை ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளையின் முயற்சியால். ஏட்டில் இருந்ததைப் பலரறிய அச்சிட்ட அச்செயல் நம் மரபின் முற்போக்கு முகம். அதற்கு முன்னரே, 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழில் நூலாக்கினார். அவருடைய சமயநோக்கம் ஒருபுறமிருக்க, நோயை நோயாளியின் மொழியிற் சொல்ல வேண்டும் என்ற அவருடைய துணிபு நாம் இன்னும் எட்டாத இலக்கு. மறு முகமோ இரகசியம். "இது பரம்பரை மருந்து, வெளியே சொல்லக்கூடாது" என்ற கைமறைவு எத்தனையோ நல்ல மருந்துகளை வைத்தியரோடு சுடலைக்கு அனுப்பியது, எத்தனையோ பொய் மருந்துகளுக்குப் புகலிடமும் கொடுத்தது.

எனினும் பரிகாரியாரை மட்டும் நோதல் நியாயமன்று. அந்த இரகசியமே அவருடைய ஒரே மூலதனம். சம்பளமில்லை; ஓய்வூதியமில்லை. சந்தையிலே தம் பெயரறியாத கம்பனிகள் அழகிய போத்தலிற் குடிநீரை அடைத்து விற்கும் காலத்தில், தம் குறிப்பை வெளியிட்டால் நாளை அடுப்பெரியாது என அவர் அஞ்சுவது இயல்பு. 1929இல் பொறளையிற் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்தது. சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகியனவும் அச்சட்டத்தின்கீழ் அடங்கின. ஆனால் கிராமத்துத் திண்ணையிலிருக்கும் முதியவரின் அறிவைச் சோதித்து, பதிந்து, அதற்குரிய ஊதியத்தையும் அவருக்கு வழங்கும் ஏற்பாடு எங்கே? அறிவைப் பொதுவுடைமையாக்க வேண்டுமெனின், அதனைக் காத்தவரின் வயிற்றையும் பொதுப்பொறுப்பாக்கல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏழைகள் மூலிகையை நாடுவது நம்பிக்கையால் மட்டுமன்று. வேறு வழியின்மையாலும் ஆகும். 2022இல் அத்தாயார் எம்மிடம் வந்தது பழமைப் பற்றினாலன்று. கபில நிற இன்ஹேலர் கிளினிக்கிலே கிடைத்திருந்தால் அவர் வந்திரார். கடன்பட்டோர் யாரோ, அதன் வட்டியை ஒரு கூலித் தொழிலாளியின் மகள் தன் மூச்சாற் கட்டினாள். பழமையின் மேன்மையைப் பற்றி மேடையிற் பேசுவோர், தம் வீட்டுப் பிள்ளைக்கு இழுப்புக் கண்டால் எங்கே கொண்டு செல்வர் என்பதை நாம் அறிவோம்.

இதே கேள்வியைச் சிங்கள மக்களின் நிலையிலும் பொருத்திப் பார்க்கலாம். தடிமனுக்கு அவர்கள் குடிக்கும் பஸ்பங்குவவில் உள்ளவை கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்பாடகம், மரமஞ்சள். எமது ஆச்சியின் குடிநீருக்கு நெருங்கிய உறவு. மூக்கடைப்புக்கு இனபேதம் கிடையாது. மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் கிடையாது.

இப்போது யாம் செய்வன சில. கரும்பலகையை ஈரத்துணியாலேயே துடைக்கின்றோம். சஞ்சிகைகள் படுக்கையறைக்குத் திரும்பவில்லை. கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்பிட்டு மூக்கைக் கழுவுகின்றோம். கிணற்று நீரைக் கொதிக்க வைக்காது மூக்கிற் செலுத்தலாகாது என்பதையும் கற்றோம். நொச்சி வேது இன்றும் சுகம் தருகின்றது. அது நோயைத் தீர்ப்பதாக எவரிடமும் சொல்வதில்லை. மூக்குத் தெளிமருந்தை மருத்துவர் சொன்னபடி எடுக்கின்றோம். பரிகாரியாரிடமும் போய்வருகின்றோம். ஒருநாள் அவர் தம் குடிநீரின் சரக்கையும் நிறையையும் தாமே எம்மைக் கொண்டு எழுதுவித்தார். எழுதி முடிந்ததும், "இதுக்குக் கீழ இன்னொண்டும் எழுதுங்கோ மாஸ்ரர். முட்டுள்ளவைக்குக் குடுக்கமுந்தி டொக்டரைக் கேக்கவேணும்" என்றார். நூறு மருத்துவநூல்களுக்கு இணையான வரி அது என்று எமக்குத் தோன்றியது.

அந்த மாணவி பின்னர் உயர்தர வகுப்பிலும் எம்மிடம் தமிழ் படித்தாள். முதல்நாள் வந்தபோதே கபில நிற இன்ஹேலரைப் புத்தகப் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தாள், ஒளிக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் அது என்னவென்று கேட்டாள். எது நாள்தோறும் எடுப்பது, எது முட்டு வரும்போது எடுப்பது, ஏன் நிறுத்தக்கூடாது என்று அவள் தெளிந்த தமிழில் விளக்கிச் சொன்னாள். யாம் பாடத்தைத் தொடங்காமல் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்து நின்றோம்.